இடது கையில் நெய்

பினாயில் பாட்டிலின் மூடி திறக்க மறுத்தது.

மோகனப்ரியா அதைப் பல்லால் கடித்துத் திருகினாள். கண் மட்டும் கொல்லைக் கதவின் மேலேயே இருந்தது. அத்தை வருவதற்குள் முடித்துவிட வேண்டும். காலடியில் எவர்சில்வர் தூக்கு. அதைத் திறந்ததுமே வெல்லமும் ஏலக்காயும் கலந்த வாசம் மூக்கில் ஏறி, பின்மண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. தூக்கு நிறைய அதிரசம்.

நாக்குக்கு அடியில் எச்சில் ஊறியது. விழுங்கினாள். மறுபடி ஊறியது.

மூடி கழன்றது. பாட்டிலை அப்படியே தூக்குக்குள் கவிழ்த்தாள்.

"அடிப் பாவி! என்னடி பண்ற?"

முனியாயி. கொல்லை வாசற்படியில், கையில் முறத்தோடு நின்றாள். மோகனப்ரியாவின் மாமியார். மகனைப் பறிகொடுத்த பிறகு பாதியாகக் கரைந்த உடம்பு; குரல் மட்டும் கரையவில்லை.

"எம்புள்ளைக்குப் படைக்கன்னு பங்காளி வீட்டுல இருந்து வந்ததுடி! அதுல போயி கக்கூசு கழுவுறத ஊத்துறியே!"

"குப்பையில போட்டா நான் எடுத்துத் தின்னுருவேன் அத்தை."

"என்னது?"

"மண்ணுல பொதைச்சாலும் தோண்டித் தின்னுருவேன். அதான் ஊத்துனேன்."

முனியாயி முறத்தைக் கீழே வைத்தாள்.

மருமகள் சொன்னது மிகையில்லை. போன வருஷம் புருஷன் நிலவழகன் தெருக் குப்பைத்தொட்டியில் கொட்டிய லட்டுகளை, அவன் வேலைக்குப் போனதும் பொறுக்கி வந்து, ஒட்டியிருந்த சாம்பலைத் துடைத்துவிட்டுத் தின்றவள் அவள். தின்று முடித்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதவளும் அவள்தான்.

"இது நாக்கு ருசி இல்லம்மா. குடிகாரனுக்குக் குடி மாதிரி" என்று திருச்சி கண் ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் அம்மா சொல்லியிருந்தார். "ஒளிக்காதீங்க. ஆசை வந்தா வாய்விட்டுச் சொல்லுங்க. சொல்லிட்டா பாதி பலம் போயிரும்."

கண் டாக்டர் அவ்வளவு இதமாகப் பேசவில்லை. சர்க்கரை ஏறி ஏறி அவளுடைய வலது கண் முழுக்க மங்கிவிட்டது. இடது கண்ணுக்குள் ரத்தம் கசிந்து, பார்வையில் கறுப்பு நூல்கள் மிதந்தன. திங்கட்கிழமை ஆபரேஷன்.

"அன்னைக்குக் காலையில சுகர் ஏறியிருந்தா திருப்பி அனுப்பிருவேன். அடுத்த தேதி தர்றதுக்குள்ள கண்ணு இருக்காது."

நாளை தீபாவளி. மறுநாள் திங்கட்கிழமை.

இந்தத் தீபாவளிக்குத் தப்பித்தோம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மாசியில் சாவு விழுந்த வீடு. வருஷம் திரும்பும் வரை அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. பலகாரம் கிடையாது, வாசமும் கிடையாது. புருஷன் செத்ததில் இப்படி ஒரு நிம்மதியா என்று தன்னையே காறித் துப்பிக்கொண்டுதான் அந்த நிம்மதியைப் பட்டாள்.

ஒன்றை மறந்துபோனாள். சட்டி ஏறாத வீட்டுக்கு ஊரே சட்டி வைக்கும்.

மூன்று நாளாக வந்துகொண்டே இருந்தது. பங்காளி வீட்டு அதிரசம். தங்கச்சி வீட்டு ரவா உருண்டை. கீரனூர் மின்வாரிய ஆபீசில் நிலவழகனோடு வேலை பார்த்த வயர்மேன்கள் சேர்ந்து வாங்கிய ஜாங்கிரிப் பெட்டி. சோமாசா, பாதுஷா, லட்டு. துக்க வீட்டுக்கு வந்ததை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. செத்தவனுக்குப் படைக்கும் முன் யாருக்கும் பங்கு வைக்கவும் கூடாது. எல்லாவற்றையும் நடு அறையில் அடுக்கிப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகியிருந்தாள் முனியாயி. இந்த ஒரு தூக்கு மட்டும் அவள் குளிக்கப் போன நேரத்தில் வந்தது.

பூட்டினாலும் வாசம் நின்றுவிடுமா? கதவிடுக்கு வழியே அது ஒரு ஆள் மாதிரி வெளியே வந்து, வீடெல்லாம் நடந்தது.

"எம்புள்ளையப் பாரு." முனியாயி தூக்கைக் காலால் தள்ளினாள். கண் கலங்கியிருந்தது. "கட்டிக்கிட்ட நாள்ல இருந்து ஒனக்காக ஒரு மிட்டாய் தொட்டிருப்பானா? விருந்துக்குப் போனா எலையில வைக்கிற கேசரியக்கூட ஒதுக்கிருவான். அவனுக்கு இருந்த வைராக்கியம் ஒனக்கு ஏண்டி இல்ல?"

அந்தக் கேள்வியை மோகனப்ரியாவே தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

---

மாசி மாதம். பகல் வெயில். நார்த்தாமலை விலக்கிலிருந்து ஊருக்குள் வரும் ரோடு. கோடு போட்டது போல நேரான ரோடு. எதிரே வண்டி இல்லை, பள்ளம் இல்லை. பதினைந்து வருஷம் அதே ரோட்டில் வண்டி ஓட்டியவன், கண்மாய்ப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் போய் மோதினான்.

"நாய் குறுக்க வந்திருக்கும்" என்றார்கள். நாயைப் பார்த்தவர்கள் யாருமில்லை.

அதற்குச் சற்று முன்புதான் மோகனப்ரியா அவனுக்குப் போன் செய்திருந்தாள். பல நாள் கட்டுப்பாடாக இருந்து, அன்று உடைந்துபோனாள். சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஏங்க, முடியலைங்க. வரும்போது மைசூர்பா வாங்கிட்டு வாங்க. கொஞ்சமா. இந்த ஒரு தடவை."

அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமில்லை.

"சரி, வை" என்றான் நிலவழகன். அவன் கடைசியாகப் பேசியது அதுதான்.

ஆஸ்பத்திரியில் அவன் வலது கையைத் துணியால் சுற்றியிருந்தார்கள். பிடித்து அழ இடது கைதான் கிடைத்தது. அந்த விரலிடுக்குகளில் நெய் வாசம் அடித்தது. போலீஸ்காரர் அவனுடைய காக்கிப் பையைக் கொடுத்தார். கூடவே ஒரு பொட்டலம். 'ஜெபம் ஸ்வீட்ஸ்' என்று அச்சடித்த காகிதம். நூல் இல்லை. பிரிந்திருந்தது. ஓரத்தில் சில துண்டுகள் குறைந்திருந்தன. விழுந்த வேகத்தில் சிதறியிருக்கும் என்று நினைத்தாள்.

இடது கையில் பொட்டலம் பிடித்து, எனக்காகக் கொண்டு வந்திருக்கிறான். நான் கேட்டேன். அவன் செத்தான்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. காரியம் முடிந்த அன்று குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு அந்தப் பொட்டலத்தை அவள் தின்றாள். ஒரு துண்டு விடவில்லை. காகிதத்தில் ஒட்டியிருந்த பொடியை விரலால் தொட்டு நக்கினாள்.

அதற்குப் பிறகு இனிப்புத் தொடவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவன் வீட்டை விட்டுப் போகவும் இல்லை. கண்ணில் மிதக்கும் கறுப்பு நூல்கள் சில நேரம் ஒன்றாகத் திரண்டு, சுவரோரம் ஒரு ஆள் குந்தியிருப்பது போலக் காட்டும். திரும்பிப் பார்த்தால் கலைந்துவிடும்.

எறும்புகள் வேறு. நடு அறையில் அவன் போட்டோவுக்குப் பக்கத்து ஆணியில் அந்தக் காக்கிப் பை தொங்கியது. அதைத் துவைக்க முனியாயி விடவில்லை. சுவரோரமாக ஒரு எறும்புச் சாரி எந்நேரமும் அங்கே ஏறிக்கொண்டே இருந்தது.

"எறும்பு வருதுல்ல? அவன் இங்கிட்டுத்தான் இருக்கான்" என்பாள் முனியாயி.

---

தீபாவளியன்று காலையில் இலுப்பூரிலிருந்து நாத்தனார் அன்புச்செல்வி வந்து இறங்கினாள். பள்ளிக்கூட டீச்சர். வந்ததும் வராததுமாக அம்மாவும் மகளும் அடுப்படியில் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள்.

"மதினி, பலகாரத்துல பினாயில் ஊத்துனீங்களாமே? பலகாரம் என்ன கக்கூசா?"

"ஒங்க அம்மாகிட்டயே காரணத்தச் சொல்லிட்டேன் அன்பு."

"சொன்னாங்க, சொன்னாங்க. நீங்க இன்னைக்குப் படையலுக்கு உள்ள உக்காரணும். அத நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

மோகனப்ரியா பூட்டிய நடு அறையைப் பார்த்தாள். "உள்ளயா?"

முனியாயி வெளியே வந்தாள்.

"செத்தவுகளுக்கு மொதத் தீபாவளிப் படையல் நம்ம வீட்டுல அப்படித்தான். உச்சிப் பொழுதுக்கு எலை போட்டுக் கதவச் சாத்திருவோம். அவன் வந்து பசியாறுற வரைக்கும் கட்டுனவ உள்ள வெளக்குப் பக்கத்துல இருக்கணும். எங்க மாமனாருக்கு எங்க மாமியா இருந்தா. ஒன் மாமனுக்கு நான் இருந்தேன். கதவத் தெறக்கையில எலை கலைஞ்சிருந்தா வந்துட்டான்னு அர்த்தம்."

"கலையலன்னா?"

"கோவமா இருக்கான்னு அர்த்தம்." முனியாயி மருமகளை நேராகப் பார்த்தாள். "யாரு மேலயோ."

"அத்தை, என்னால முடியாது. அந்தப் பலகாரத்தோட என்னையத் தனியாப் பூட்டாதீங்க. திங்கணும் போல இருக்கு. இப்பவே இருக்கு."

"எம்புள்ளைக்காக ஒருநா ஒன் வாயக் கட்டமாட்டியா?"

மோகனப்ரியா வாசல் பக்கம் போய் நின்றாள்.

அப்போதுதான் வாசலில் ஒரு டிவிஎஸ் எக்ஸெல் வந்து நின்றது. வெள்ளைச் சட்டை, கழுத்தில் சின்னச் சிலுவை. கையில் ஒரு பொட்டலம்.

காகிதத்தில் இருந்த எழுத்து அவள் இடது கண்ணுக்குத் தெளிவாகவே தெரிந்தது. ஜெபம் ஸ்வீட்ஸ்.

"நார்த்தாமலை விலக்குல கடை வச்சிருக்கேம்மா. எம்பேரு ஜெபக்குமார். துக்கத்துக்கு வரத் தைரியம் வரல." அவன் பொட்டலத்தை முனியாயியிடம் நீட்டினான். "அண்ணனுக்குன்னு கொண்டாந்தேன். மைசூர்பா. எலையில ஒரு ஓரமா வைங்க."

"அவன் இனிப்புத் தொடமாட்டானே தம்பி. காரச்சேவுதான் அவனுக்கு உசுரு."

ஜெபக்குமார் தலையைக் குனிந்துகொண்டான். "வைங்கம்மா" என்றான் மறுபடி. பிறகு மோகனப்ரியாவின் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, ஒங்ககிட்ட ஒரு விசயம் பேசணும். அன்னைக்கு நீங்க போன் பண்ணப்ப அண்ணன் பக்கத்துல நாந்தான் இருந்தேன்."

அவளுக்குக் காதில் ஊய் என்று ஒரு சத்தம் கேட்டது. இவனுக்குத் தெரியும். யார் கேட்டது, எதற்காகக் கேட்டது, எல்லாம் தெரியும்.

"அப்புறம் பேசலாம்" என்றாள் உதடு மட்டும் அசைய.

"இருக்கேன்க்கா. பேசிட்டுத்தான் போவேன்."

உள்ளேயிருந்து முனியாயி கூப்பிட்டாள். "ப்ரியா! வா, எலை போட்டாச்சு."

---

கதவு சாத்தப்பட்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

குத்துவிளக்கு. போட்டோ. புது வேட்டி, சட்டை. ஒரு தம்ளர் தண்ணீர். தலைவாழை இலையின் நடுவில் குன்றாகக் காரச்சேவு. அதைச் சுற்றி, கொண்டுவந்தவர்கள் மனம் கோணக் கூடாதென்று, எல்லா வீட்டு இனிப்பும். ஜாங்கிரியில் பாகு மினுங்கியது. இலையின் ஓரத்தில், அவள் பக்கமாகவே, மைசூர்பா. நெய் வழிந்து இலைக்கு இறங்கியிருந்தது.

அவள் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தாள். வெளியே எங்கோ சரவெடி வெடித்து ஓய்ந்தது.

"எனக்குத் திங்கணும் போல இருக்கு" என்றாள் போட்டோவைப் பார்த்து, வாய்விட்டு. குரல் அறைக்குள் விழுந்து கிடந்தது. கேட்க ஆள் இல்லை.

ஆள் இல்லையா? போட்டோவுக்குக் கீழே கறுப்பு நூல்கள் திரண்டன. ஒரு ஆள் குந்தியிருப்பது போல. முதுகைக் காட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, எதையோ ஒளித்து வைத்துத் தின்பது போல.

கண்ணை இறுக மூடினாள். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. வந்தது என்பதைவிட, காதோரம் உட்கார்ந்து யாரோ சொன்னது போல இருந்தது.

தின்னு. இலை கலையணும், அவ்வளவுதானே? நீ தின்றால் இலை கலையும். அத்தைக்குச் சந்தோஷம். மகன் வந்துவிட்டான் என்று அழுவாள். யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு துண்டு. திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரு ராத்திரி இருக்கிறது.

இதுவரை தின்ற எல்லாவற்றையும் அவள் திருட்டாகத் தின்றிருக்கிறாள். இதுதான் முதல் தடவை, தின்றால் புண்ணியம் என்று ஒரு இலை கூப்பிடுவது.

கை நீண்டது. அவள் நீட்டவில்லை, அதுவாகப் போனது. விரல்கள் மைசூர்பாவில் பதிந்தன. பொலபொலவென்று ஒரு முனை உடைந்தது. எடுத்தாள். மூக்கருகே வந்தது. வாயருகே வந்தது. நெய் வாசம்.

இடது கையின் வாசம்.

கை நின்றது. கண்ணைத் திறந்தாள்.

எறும்புச் சாரி சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஒரு முழம் தள்ளி இலை நிறைய இனிப்பு இருக்கிறது. பாகு வழிகிறது. ஒன்றிரண்டு எறும்புதான் இந்தப் பக்கம் வந்திருந்தது. மற்றதெல்லாம் பழகிய பாதையில், வரிசை கலையாமல், ஆணியில் தொங்கும் பைக்குள் போயின.

ஸ்க்ரூடிரைவரும் கட்டிங் பிளேயரும் வைக்கிற பைக்குள் எறும்புக்கு என்ன வேலை? அவன் உயிரோடு இருந்தபோதும் இப்படித்தானே? "பையில எறும்புங்க" என்று அவள் சொல்லும்போதெல்லாம், "ஆபீசெல்லாம் எறும்பு" என்று வெடுக்கெனப் பையைப் பிடுங்கிக்கொள்வானே?

மைசூர்பாவை இலையில் போட்டாள். விரலை நக்கிவிடப் பார்த்தது வாய். சட்டென்று தம்ளர் தண்ணீரில் விரல்களை முக்கி, புடவையில் துடைத்தாள். எழுந்து பையை இறக்கினாள். உள்ளே கையை விட்டாள். கருவிகளுக்கு அடியில் துணி தடித்திருந்தது. உள்துணியின் தையல் ஒரு பக்கம் பிரிந்திருந்தது. அதற்குள் விரல் போனது.

காகிதம்.

இழுத்தாள். ஒன்றல்ல. மடித்து, கசக்கி, அழுத்தித் திணித்த காகிதங்கள். இழுக்க இழுக்க வந்தன. நெய்யில் ஊறிக் கண்ணாடி மாதிரி ஆனவை. பாகு காய்ந்து ஒட்டிக்கொண்டவை. எல்லாவற்றிலும் ஒரே பெயர்.

ஜெபம் ஸ்வீட்ஸ்.

போட்டோவில் நிலவழகன் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

---

தாழ்ப்பாள் அசைந்த சத்தத்தில் அவள் காகிதங்களைப் பைக்குள் திணித்தாள். கதவு திறந்தது. முனியாயி நேராக இலையைத்தான் பார்த்தாள்.

மைசூர்பா உடைந்து கிடந்தது. தம்ளர் தண்ணீர் குறைந்து, கலங்கியிருந்தது.

"வந்துட்டான்! எம்புள்ள வந்து தண்ணி குடிச்சிருக்கான்!" மார்பில் கை வைத்துக்கொண்டவள் அடுத்த நொடியே நின்றாள். "காரச்சேவு அப்படியே இருக்கு. மைசூர்பா மட்டும் எப்படி..."

அன்புச்செல்வி மதினியைப் பார்த்தாள். "எப்படியா? அண்ணனா தின்னாரு? வாயத் தெறங்க மதினி. ஊதுங்க."

"வாய ஊத வேணாம். சுகர் மிஷின் இருக்கு. குத்திப் பாரு" என்றாள் மோகனப்ரியா.

அன்புச்செல்வி மிஷினை எடுத்து வந்தாள். ஊசி குத்தியது. ரத்தம் துளிர்த்தது. மிஷின் யோசித்து எண்ணைக் காட்டியது.

முந்நூற்றைத் தாண்டியிருந்தது.

"இதுக்கு மேல என்னம்மா வேணும்?"

மோகனப்ரியா மிஷினை வாங்கிப் பார்த்தாள். நான் தின்னவில்லை. தின்னவில்லைதானே? கண்ணை மூடியிருந்தேனே, அந்த நேரத்தில்? நாக்கால் பல்லெல்லாம் தடவிப் பார்த்தாள். எச்சிலைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனால் தன் நாக்கையே எப்படி நம்புவது? எத்தனை தடவை அது பொய் சொல்லியிருக்கிறது? கறுப்பு நூல்கள் பார்வையில் வலை பின்னின. நாளை காலை ஆஸ்பத்திரி. திருப்பி அனுப்பிருவேன்.

ஊசி குத்திய விரலைப் பார்த்தாள். ஆள்காட்டி விரல். நகக்கண்ணில் மஞ்சளாக ஏதோ மினுங்கியது.

"சோப்பு" என்றாள்.

"என்ன?"

"கையில இனிப்பு ஒட்டியிருந்தா மிஷின் தப்பாக் காட்டும். ஆஸ்பத்திரியில சொன்னாங்க. சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாரேன். கூடவே வா, நீயே பாரு. வேற கையில குத்து."

கிணற்றடியில் நகம் வரை தேய்த்துக் கழுவினாள். அடுத்த கையின் மோதிர விரலில் அன்புச்செல்வி குத்தினாள். கொஞ்சம் அழுத்தியே குத்தினாள்.

நூற்று முப்பது.

அன்புச்செல்வி மிஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "திங்கல" என்றாள் மெதுவாக.

முனியாயியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அப்ப எம்புள்ளதான் தொட்டிருக்கான்! நீ திங்கலல்ல?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அந்தக் கிழிந்த மனசுக்கு அது காலத்துக்கும் காணும். மோகனப்ரியாவின் நாக்கு நுனிவரை அந்த வார்த்தை வந்தது. மைசூர்பாவைப் போலவே வழவழப்பாக இருந்தது.

ஒளிக்காதீங்க.

"நாந்தான் தொட்டேன் அத்தை. வாய் வரைக்கும் கொண்டுபோனேன். திருப்பி வச்சுட்டேன். தண்ணியில கை கழுவுனதும் நாந்தான்."

வெளிச்சம் அணைந்தது. "அப்ப... அவன் வரலையா?"

மோகனப்ரியா அவளை உள்ளே உட்கார வைத்து, காக்கிப் பையை எடுத்து மடியில் வைத்தாள். உள்ளேயிருந்த காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்தாள். முனியாயி ஒன்றை முகர்ந்தாள். இன்னொன்றை முகர்ந்தாள். புரியாமல் வாசலைப் பார்த்தாள். அங்கே ஜெபக்குமார் நின்றுகொண்டிருந்தான்.

"தம்பி... இதெல்லாம் யாருக்கு வாங்குனது?"

"அண்ணனுக்குத்தாம்மா. தெனமும் வருவாரு. கடைக்குப் பின்னாடி, ரோட்டுக்கு முதுகக் காட்டிக் குந்திக்கிட்டு திம்பாரு. 'யாருக்கும் சொல்லிறாத ஜெபம், எம்பொண்டாட்டிக்கு நாந்தான் காவல்'ம்பாரு. போதும்ணேன்னு தட்டப் புடுங்குனா கண்ணுல தண்ணி வந்துரும் அவருக்கு."

முனியாயி பையை இறக்கி வைத்துவிட்டு இலையருகே போய் உட்கார்ந்தாள். நடுவில் இருந்த காரச்சேவுக் குன்றை இரண்டு கையாலும் அள்ளி ஓரமாக வைத்தாள். லட்டையும் ஜாங்கிரியையும் மைசூர்பாவையும் நடுவுக்குத் தள்ளினாள்.

"தின்னுடா" என்றாள் போட்டோவைப் பார்த்து. "ஆத்தாகிட்டயாவது கேட்டிருக்கலாம்ல."

அன்புச்செல்வி மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் திரும்பி நின்றாள்.

மோகனப்ரியா வாசலுக்கு வந்தாள். எக்ஸெல்லை ஸ்டாண்டிலிருந்து எடுக்காமல் ஜெபக்குமார் காத்திருந்தான். அவன் சொல்ல வந்தது இன்னும் பாக்கி இருந்தது என்று அவன் முகமே சொன்னது.

"சொல்லுங்க."

"நீங்க போன் பண்ணுனப்ப அவரு வாயில மைசூர்பா இருந்துச்சுக்கா. அதான் கொஞ்ச நேரம் பேசல. முழுங்கிட்டு 'சரி, வை'ன்னாரு. வச்சுட்டு அழுதாரு. 'அவ வாய்விட்டுக் கேட்டுட்டா ஜெபம். எனக்கு அந்தத் தைரியம் இல்ல'ன்னாரு."

அவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். மாசியிலிருந்து சுமந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டாள்.

"அன்னைக்கு அந்தப் பொட்டலம். நான் கேட்டேன்னுதானே வாங்கிட்டு வந்தாரு?"

"ஒங்களுக்குன்னு ஒண்ணு கட்டச் சொன்னாரு. கட்டுனேன். கையில வாங்கிப் பாத்துக்கிட்டே நின்னாரு. 'வேணாம், அவ கண்ணு போயிரும்'னு என் மேசையிலயே வச்சுட்டாரு. அது கடையிலயேதான் கெடந்துச்சு."

"பொய் சொல்லாதீங்க. வண்டியில பொட்டலம் இருந்துச்சு. போலீசு எங்கையில குடுத்தாங்க."

"அது அவருக்கு. தெனமும் வழிக்கு ஒண்ணு வாங்குவாரு, நூல் கட்டாம. கண்மாய்ப் பாலத்துக்குள்ள காலியாகணும். அங்க நிறுத்தி, காகிதத்தப் பையில திணிச்சுட்டு, கண்மாய்த் தண்ணியில வாயக் கொப்பளிச்சுட்டுத்தான் ஊருக்குள்ள வருவாரு."

நூல் இல்லாத காகிதம். குறைந்திருந்த துண்டுகள். கோடு போட்டது போல நேரான ரோடு.

"அப்ப நாய் குறுக்க வந்துச்சுன்னு சொன்னாங்களே..." என்றாள். குரல் அவளுடையதாக இல்லை.

"நாயெல்லாம் வரலக்கா." ஜெபக்குமார் தன் இடது கையை விரித்துப் பார்த்தான். "அன்னைக்கு அழுதுக்கிட்டே வண்டிய எடுத்தாரு. வலது கை ஆக்ஸிலேட்டர்ல. பொட்டலம் மடியில. இடது கையால அள்ளி அள்ளி வாயில போட்டுக்கிட்டே போனாரு. நான் பாத்துக்கிட்டேதான் நின்னேன்."